பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: ஜிபி கணக்கு மட்டும் போதாது

பெங்களூரில் பத்து வயதான டெஸ்க்டாப் ஒன்று மூலையில் கிடக்கும் வீடுகளில் எல்லாம் ஒருநாள் இந்தப் பேச்சு வந்துவிடும்: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்." சொல்பவர் பெரும்பாலும் பக்கத்து பிளாட் ஐடிக்காரர். அவர் சொன்னால் நம்பாமல் எப்படி? சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தால், கடையில் அடுத்த கேள்வி காத்திருக்கும்: "எத்தனை ஜிபி கார்டு வேணும் சார்?" கன்னடம், ஹிந்தி, தமிழ் என்று மூன்றும் புழங்கும் தெரு அது. எந்த மொழியில் கேட்டாலும் கேள்வி இதுதான். நாமும் ஏதோ புரிந்த மாதிரி "4 ஜிபி" என்று சொல்லிவிடுவோம்.

ஐடிக்காரர் சொன்னதும் பாதிதான் சரி, கடைக்காரர் கேட்டதும் பாதிதான் சரி. கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பது வேறு, திரையில் படம் திணறுவது வேறு. ஜிபி என்பது கார்டின் வேகமும் அல்ல. இந்த இரண்டு குழப்பத்தையும் தீர்த்துக்கொண்டால், வாங்குவதா வேண்டாமா என்பதில் தொடங்கி எதை வாங்குவது என்பது வரை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

முதலில், நோய் எது?

ஆன் செய்தால் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, குரோமில் பத்து டேப் திறந்தால் உறைகிறது, எக்செல் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது என்றால் அது கிராபிக்ஸ் கோளாறு அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கும் போதாத ரேமும்தான் காரணம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமாகத் தரவைப் படிக்கும் எஸ்எஸ்டி (சாதாரணமானதே போதும்) போட்டு, ரேமை 8 ஜிபிக்குக் கொண்டுவந்தால் அதே கம்ப்யூட்டரா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மாறிவிடும். இந்த இடத்தில் எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் பலன் பூஜ்யம்.

பையன் ஆடும் 3டி ஆட்டம் விட்டு விட்டு நகர்கிறது, எடிட் செய்யும் வீடியோவின் முன்னோட்டம் ஓடுவதே இல்லை, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக உருவாக்க, ராத்திரி முழுக்க ஆகிறது, புதிதாக வாங்கிய பெரிய மானிட்டரின் முழுத் தெளிவு கிடைக்கவில்லை என்றால் சரி, கார்டைப் பற்றிப் பேசலாம்.

திரையில் படம் எப்படி உருவாகிறது?

மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் பெரிய வண்ணக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி எங்கே, கோடு எங்கே வளைய வேண்டும் என்று முடிவு செய்பவர் கைதேர்ந்த ஒரே ஓர் அத்தை. கோடு விழுந்த பிறகு கட்டங்களுக்குள் வண்ணப் பொடி தூவ அவர் தேவையில்லை. தெருப் பிள்ளைகள் நூறு பேர் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்தால் சட்டென்று முடிந்துவிடும். பிள்ளைகளுக்குக் கோலம் போடத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரே மாதிரியான சின்ன வேலையை எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தால் போதும்.

அத்தை, பிராசஸர். பிள்ளைகள், ஜிபியு. ஜிபியு என்பது படம் வரைவதற்கென்றே செய்யப்பட்ட சிப். அதைத் தாங்கும் பலகைதான் நாம் கடையில் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு. பழைய ஐ5 பிராசஸரில் வேலை செய்யும் பகுதிகள், அதாவது கோர்கள், நான்குதான் இருக்கும். ஒவ்வொன்றும் கெட்டிக்காரக் கோர். 2019இல் வந்த என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1650 என்ற எளிய கார்டிலேயே 896 சின்னக் கோர்கள் இருக்கின்றன. தனியாக ஒன்றை எடுத்தால் பெரிய சாமர்த்தியம் கிடையாது. கூட்டமாகச் சேர்ந்தால்தான் பலம்.

இவ்வளவு பேர் எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். திரையில் உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். ஃபுல் ஹெச்டி மானிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல்கள். இவை எல்லாம் நிறம் பெற்று முழுமையாகும் ஒரு படத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓட நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டும். அப்படியானால் நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் முறை ஒரு பிக்சலின் நிறம் தீர்மானமாக வேண்டும். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லிநொடி.

நடப்பது இதுதான். ஆட்டத்தில் வரும் கார், மரம், மனிதர் எல்லாமே சிறு சிறு முக்கோணங்களால் ஆனவை. கார் எங்கே இருக்கிறது, யார் யாரைச் சுட்டார், கேமரா எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பிராசஸர் கணக்கிட்டு, "இவற்றை வரை" என்று கட்டளை அனுப்புகிறது. ஒவ்வொரு முக்கோணமும் திரையில் எங்கே விழும், அதற்குள் எந்தெந்தப் பிக்சல்கள் அடங்கும், அவற்றின் மேல் என்ன வெளிச்சம், என்ன நிழல் என்பது ஜிபியுவின் பாடு. முடிந்த ஃப்ரேம் மானிட்டருக்குப் போகிறது. அதற்குள் அடுத்த கட்டளை வந்து நிற்கும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: முடிவெடுப்பது பிராசஸர், பிக்சலுக்கு நிறம் தருவது ஜிபியு. இருவரில் யார் தாமதித்தாலும் படம் திணறும்.

ஜிபி எதைச் சொல்கிறது?

வண்ணம் தூவும் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பொடித் தட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு பிடிக்கும் வீட்டுக்குள் ஓடினால் வேலை நடக்காது. அந்தத் தட்டுதான் விரேம்: கார்டின் மேலேயே இருக்கும் அதன் சொந்த நினைவகம். கடைக்காரர் கேட்ட "எத்தனை ஜிபி" என்பது தட்டின் அளவு. தட்டு பெரிதாக இருப்பதால் மட்டும் தூவுகிற கை வேகமாகிவிடாது.

வேகத்தைச் சொல்வது இன்னொரு எண்: விரேமிலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவை எடுக்கவும் வைக்கவும் முடியும் என்பது. இதற்கு பேண்ட்விட்த் என்று பெயர். இங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜிடி 730 கார்டில், கம்ப்யூட்டர் ரேமில் வரும் டிடிஆர்3 வகை நினைவகத்தோடு 4 ஜிபி மாடல் உண்டு. அதன் 64 பிட் வகையில் பேண்ட்விட்த் நொடிக்கு 14.4 ஜிபிதான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டும் 4 ஜிபிதான், ஆனால் நொடிக்கு 112 ஜிபி. ஏறக்குறைய எட்டு மடங்கு. அட்டைப்பெட்டியில் இரண்டிலும் அதே "4 ஜிபி" பெரிய எழுத்தில் பளபளக்கும்.

இன்னும் வேடிக்கை, ஒரே பெயரில் இரண்டு கார்டுகள். ஜிடி 1030 முதலில், கிராபிக்ஸ் கார்டுகளுக்கென்றே செய்த வேகமான ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது, நொடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரில், அதே 2 ஜிபியில், டிடிஆர்4 போட்டு இன்னொன்று வந்தது. அதில் வெறும் 16.8 ஜிபி. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு பேண்ட்விட்த்தோடு வீடு திரும்புவீர்கள். பெட்டியில் ஜிடிடிஆர் என்று இருக்கிறதா, வெறும் டிடிஆர் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அதற்காக ஜிபிக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. தட்டில் பொடி தீர்ந்தால் ஓடத்தான் வேண்டும். ஆட்டத்தின் படத்தரத்தை ஏற்றினால், 4கே வீடியோ எடிட் செய்தால் விரேம் நிரம்பும். இப்போது வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு விரேம் அளவுதான் முதல் கேள்வி, மாடல் அதற்குள் அடங்கவில்லை என்றால் வேகம் படுத்துவிடும். மற்றவர்களுக்கு ஜிபி இரண்டாவது கேள்வி.

ஏற்கெனவே உள்ள கிராபிக்ஸ்

கார்டே இல்லாத கம்ப்யூட்டரிலும் படம் வருகிறதே? பிராசஸருக்குள்ளேயே ஒரு சிறிய ஜிபியு இருப்பதால்தான். இன்பில்ட் கிராபிக்ஸ் என்போம். 2013இல் வந்த 4ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களில் பலவற்றுக்குள் ஹெச்டி கிராபிக்ஸ் 4600 இருக்கும். இதற்குச் சொந்தத் தட்டு கிடையாது. பிராசஸரின் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் ஒரு மலிவான வித்தை உண்டு. 1600 வேக டிடிஆர்3 ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் பேண்ட்விட்த் நொடிக்கு 12.8 ஜிபி. அதே மாதிரி இன்னொரு துண்டை அதற்கு இணையான ஸ்லாட்டில் போட்டால், இரண்டும் சேர்ந்து வேலை செய்து 25.6 ஜிபி. 8 ஜிபி ஒன்றுக்குப் பதில் 4 ஜிபி இரண்டு போடுவது இன்பில்ட் கிராபிக்ஸுக்கு நல்லது. எளிய ஆட்டங்களுக்கு இதுவே போதுமாக இருக்கலாம்.

யார் இழுத்துப் பிடிக்கிறார்?

கார்டு வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆட்டத்தின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்குக் குறையுங்கள். பிக்சல்கள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், ஜிபியுவின் சுமை வெகுவாகக் குறையும். ஆட்டம் உடனே சீராக ஓடினால் இதுவரை திணறியது ஜிபியு. கார்டு போட்டால் பலன் உண்டு. எந்த மாற்றமும் இல்லையென்றால் முட்டுக்கட்டை பெரும்பாலும் பிராசஸரிடம். புது கார்டு வந்தாலும் அது கட்டளைக்குக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். வாலரன்ட் மாதிரி ஆட்டங்கள் பிராசஸரையே அதிகம் நம்பியிருப்பவை.

இன்னொரு சங்கதி, கேபினெட்டைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். பிராசஸர் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியில் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும் தூசியை எடுத்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் பாதி நோய் தீர்ந்த கம்ப்யூட்டர்கள் எத்தனையோ.

விண்டோஸ் விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓட, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இதை மாற்றாது. ஆகவே 4ஆம் தலைமுறை கம்ப்யூட்டருக்குப் பெரிய செலவில் கார்டு போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாளை வேறு கம்ப்யூட்டருக்குக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்ற திட்டம் இருந்தால் மட்டும் சரி.

எஸ்எம்பிஎஸ்: யாரும் பார்க்காத பெட்டி

எந்தக் கார்டு என்பதை உண்மையில் தீர்மானிப்பது உங்கள் பட்ஜெட் அல்ல, கேபினெட்டின் பின்பக்கம் இருக்கும் அந்தத் தகரப் பெட்டி. வீட்டு மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்ற சிறு மின்னழுத்தமாக மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வந்ததில் "450 வாட்" என்று ஒட்டியிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் முக்கியமாக அதிலிருந்துதான் எடுக்கின்றன.

18 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 12ஐயும் 18ஐயும் பெருக்கினால் 216 வாட். பெட்டியில் எழுதியிருந்த 450இல் பாதிகூட இல்லை. 4ஆம் தலைமுறை ஐ5 பிராசஸருக்கு 84 வாட் ஒதுக்குங்கள். 75 வாட் கார்டு சேர்ந்தால் 159. டிஸ்க், விசிறிகளுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 150 வாட் கார்டு என்றால் 234. லேபிள் சொல்வதையே தாண்டிவிட்டது. ஆட்டம் சூடுபிடிக்கும்போது கம்ப்யூட்டர் தானாக அணைந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கார்டைக் குறைசொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், பாவம்.

75 வாட் என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கார்டு செருகும் நீண்ட ஸ்லாட்டின் பெயர் பிசிஐஇ. அந்த ஸ்லாட் வழியாகவே ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் அடங்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வேண்டாம். ஜிடி 1030க்கு 30 வாட், ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6400க்கு 53, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டுக்கும் 75. இதில் 1650இன் சில மாடல்கள் 6 பின் ஒயர் கேட்கும், படத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். 6 பின் ஒயர் கூடுதலாக 75 வாட்டும், 8 பின் ஒயர் 150 வாட்டும் தர வல்லவை. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே இல்லையென்றால், மலிவான கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். ஒயர் இல்லை என்பதே, அந்தச் சுமை எனக்கு ஆகாது என்று அந்தப் பெட்டி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

யுபிஎஸ்ஸும் இந்தக் கணக்கில் சேரும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் அதில்தான். கார்டு சேர்ந்த பிறகு கரண்ட் போனால் முன்பு கிடைத்த பத்து நிமிடம் கிடைக்காது.

ஆக, எஸ்எம்பிஎஸ் மாற்றும் எண்ணம் இல்லாதவர்கள் 75 வாட்டுக்குள் நின்றுகொள்வது நல்லது.

ஸ்லாட்டும் கேபினெட்டும்

பிசிஐஇ ஸ்லாட்டின் வெளித்தோற்றம் பழையதிலும் புதியதிலும் ஒன்றுதான். புதுக் கார்டு பழைய ஸ்லாட்டிலும் உட்காரும். ஆனால் தரவு போகும் தடங்களின் எண்ணிக்கையும் வேகமும் மாறும். ஆர்எக்ஸ் 6400 கார்டு நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய பிசிஐஇ 4.0 மதர்போர்டில் அந்த நான்கிலேயே நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போகும். பழைய ஹெச்81 மதர்போர்டு பிசிஐஇ 2.0 என்பதால் அங்கே 2 ஜிபிதான். விரேம் நிரம்பி ரேமுக்கு ஓட வேண்டிய நேரத்தில் இது வலிக்கும். 16 தடங்களையும் பயன்படுத்தும் ஜிடிஎக்ஸ் 1650 பழைய போர்டுக்குப் பொருத்தமாக இருப்பது இதனால்தான். இன்டெல்லின் ஆர்க் கார்டுகள், விரேம் முழுவதையும் பிராசஸர் நேரடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை எதிர்பார்ப்பவை. பழைய போர்டுக்கு அவை வேண்டாம்.

ஆபீஸிலிருந்து கழித்து விற்ற ஒல்லியான டெஸ்க்டாப் என்றால் லோ புரொஃபைல் எனப்படும் பாதி உயரக் கார்டுதான் நுழையும். டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். லேப்டாப்காரர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். பெரும்பாலான லேப்டாப்களில் ஜிபியு போர்டோடு பற்றவைக்கப்பட்டது.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அப்படி உழைத்த கார்டு கெட்டது என்று சொல்லிவிட முடியாது, விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 கோர் உள்ளதும், 2048 கோர் மட்டுமே உள்ள மாடலும் இரண்டும் கிடைக்கின்றன.

முழுப் போலிகளும் உண்டு. 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 சிப்பின் மென்பொருளைத் திருத்தி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டிக்கொள்ளும்படி செய்து விற்கிறார்கள். விண்டோஸும் ஏமாந்துபோகும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள், எஸ்.பி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்? புதுசு வாங்குவதானால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொல்வதற்கு மயங்க வேண்டாம். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

டிரைவரையும் பாருங்கள். விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருள் அது. ஜிடி 710 போன்ற கெப்லர் தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் தருவதை 2021இலேயே நிறுத்திவிட்டது. ஜிடி 1030, 1050 டிஐ அடங்கிய பாஸ்கல் தலைமுறைக்கு அது 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை. அடுத்த தலைமுறையான 1650க்கு அந்தக் கெடு இல்லை. 1050 டிஐக்கும் 1650க்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் நான் யோசிக்காமல் 1650 பக்கம் போவேன்.

வீடியோ மட்டும் பார்ப்பவர்களுக்கு

ஆட்டமும் எடிட்டிங்கும் வேண்டாம், யூடியூபில் 4கே திணறாமல் ஓடினால் போதும் என்பவர்களுக்குக் கோர் கணக்கு அவசியமில்லை. வீடியோக்கள் சுருக்கிக் கட்டப்பட்டு வருகின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கும் பகுதி ஜிபியுவில் தனியாக இருக்கும். யூடியூப் உயர்தர வீடியோவை விபி9, ஏவி1 என்ற முறைகளில் அனுப்புகிறது. இன்டெல் இன்பில்ட் கிராபிக்ஸில் விபி9 முழுமையாக வந்தது 7ஆம் தலைமுறையில்தான். அது இல்லாதபோது வேலை முழுக்கப் பிராசஸர் தலையில். ஜிடி 1030 விபி9ஐ அவிழ்க்கும், ஜிடி 710 அவிழ்க்காது. "வீடியோ பார்க்கத்தானே, 710 போதும்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

மாட்டிய பிறகு

கார்டை மாட்டி, திருகைப் போட்டு, ஆன் செய்தால் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று புலம்புபவர்கள் உண்டு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஹெச்டிஎம்ஐ ஒயர் பழைய இடத்திலேயே, மதர்போர்டிலேயே செருகியிருக்கும். அதைக் கழற்றிக் கார்டில் இருக்கும் துளையில் செருக வேண்டும். பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ துளை மட்டும்தான் என்றால், மேலே சொன்ன கார்டுகளில் ஜிடி 1030 முதல் பிந்தையவை விஜிஏவுக்கான அனலாக் சிக்னலைத் தருவதில்லை. ஹெச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றித் தரும் சிறு கன்வெர்ட்டர் ஒன்றையும் அதே நடையில் வாங்கிவிடுங்கள். பிறகு டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டு, அதே ஆட்டத்தை அதே செட்டிங்ஸில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.